பிரைபர்க் அறிக்கையும் சந்தைப் பொருளாதாரமும்

தடையற்ற சந்தைக்கு அறநெறி சார்ந்த நியாயம் உண்டா என்று வினவும்போது, தனிமனிதன் நாடும் தன்னலம் பொதுநலமாக விளைகிறது என்று ஆடம் ஸ்மித்தின் பெயரால் வழங்கும் வாதமே பெரும்பாலும் விடையாகக் கூறப்படுகிறது. வேறொரு விடையும் உண்டு. அது நாசி ஆட்சியின் நடுவே, திருச்சபையின் வேண்டுகோளின் பேரில் எழுதப்பட்டது.

1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் யூத ஜெபாலயங்கள் எரிக்கப்பட்டன. அதன்பின் பிரைபர்க் நகரப் பேராசிரியர் சிலரும் போதகர் சிலரும் இரகசியமாகக் கூடி, கொடுங்கோல் அரசின்கீழ்க் கிறிஸ்தவனின் கடமை யாதென ஆராயலாயினர். 1942இல் டீட்ரிக் போன்ஹோபர் அறிக்கைத் திருச்சபைத் தலைமையின் சார்பில் இவர்களை அணுகி, போருக்குப் பிந்தைய சமுதாய ஒழுங்கைக் குறித்து ஓர் அறிக்கை வரையக் கேட்டார். 1943இன் தொடக்கத்தில் அது நிறைவுற்றது. பொருளாதாரம் பற்றிய பின்னிணைப்பை எழுதியோர் வால்டர் ஆய்க்கன், கான்ஸ்டன்டின் டீட்ஸே, அடால்ஃப் லாம்பே ஆகிய மூவர்.

இவர்களது வாதம் செல்வப் பெருக்கத்திலிருந்து தொடங்கவில்லை. பாவத்தைக் குறித்த உபதேசத்திலிருந்து தொடங்குகிறது. பாவத்தின் வல்லமையை எதிர்த்து நிற்க மனிதனுக்கு இடமளிக்கும் பொருளாதார ஒழுங்கே வேண்டும் என்கின்றனர். அதிகாரம் ஒரு கையில் குவியுமிடத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே போட்டி அவர்களுக்கு முதன்மையாக அதிகாரத்தைப் பிரித்து வைக்கும் ஏற்பாடு. இலாபம் ஈட்டும் வழி என்பது இரண்டாவதே. மத்தியத் திட்டமிடலை அவர்கள் மறுத்ததும் இதனாலேயே.

ஆயினும் அரசு விலகி நின்றால் போதும் என அவர்கள் கருதினார்களில்லை. 1897இல் ஜெர்மானியப் பேரரசு நீதிமன்றம், ஆலை முதலாளிகள் தம்முள் விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லுபடியாகும் எனத் தீர்ப்பளித்திருந்தது. ஒப்பந்தச் சுதந்திரம் போட்டிச் சுதந்திரத்தை விழுங்கிற்று. சட்டம் காக்காத சந்தை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்பதை அவர்கள் தம் நாட்டு வரலாற்றிலேயே கண்டிருந்தனர். தடையற்ற சந்தைக்கு ஆதரவாக இவர்களை எடுத்துக்காட்டுவோர் இப்பகுதியை ஏனோ விட்டுவிடுகின்றனர்.

1944 ஜூலை 20ஆம் நாள் ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோல்வியுற்றபின் டீட்ஸேயும் லாம்பேயும் கைதாயினர், ஆய்க்கன் விசாரிக்கப்பட்டார். இத்துணைத் துணிவுடையோரின் அறிக்கையிலேயே யூதரைப் பற்றிய பின்னிணைப்பு ஒன்றும் உள்ளது. அது கொலைகளைக் கண்டிக்கிறது. ஆனால் யூதரை அந்நியராக வைக்கும் தனிச்சட்ட நிலையை முன்மொழிகிறது. எழுதியவர் டீட்ஸே. அதைப் படிக்கையில் நாம் வெட்கமடைகிறோம். மறைத்துவிட நமக்கு உரிமையில்லை.

1948 ஜூனில் லுட்விக் எர்ஹார்ட் விலைக் கட்டுப்பாடுகள் பலவற்றை நீக்கினார். விலைகள் ஏறின, நவம்பர் 12இல் தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் செய்தனர். விலைக்கு உடனே விடுதலை கிடைத்தது. கூட்டு முதலாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமோ, தொழிலதிபர்களின் நீண்ட எதிர்ப்பைக் கடந்து, 1957இல்தான், அதுவும் பல விதிவிலக்குகளோடு நிறைவேறிற்று. ஆய்க்கன் 1950இலேயே காலமாகியிருந்தார்.