மைல் டிக்கெட்டின் ரொக்கப் பகுதி: பெங்களூரு விமானக் கட்டணங்களின் வரலாறு

விமான நிறுவனத்தின் வெகுமதித் திட்டத்தில் சேர்த்த மைல்களைக் கொடுத்து விமான டிக்கெட் எடுப்பவர், கடைசிப் படியில் ஒரு தொகையை ரொக்கமாகவும் கட்ட வேண்டியிருக்கிறது. பெங்களூரின் காக்ஸ் டவுனிலிருந்து லண்டனுக்குப் போய்வர நினைப்பவர் பயணக் கட்டணம் முழுவதற்கும் மைல்களை ஈடாகக் கொடுத்த பிறகும், ‘வரிகளும் கட்டணங்களும்’ என்ற பெயரில் கணிசமான பணம் கேட்கப்படுகிறது. ஒரே வரியில் அச்சாகும் இந்தத் தொகை, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளுக்காகத் தோன்றிய மூன்று வசூல்களின் தொகுப்பு. ஒன்று அரசின் வரி. மற்றொன்று விமான நிலையத்துக்கான கட்டணம். மூன்றாவது, விமான நிறுவனம் தனக்காகவே விதித்துக்கொண்டது. முதல் இரண்டையும் பயணி ரொக்கமாகக் கட்டுவது நியாயம். மூன்றாவது பயணக் கட்டணத்தின் ஒரு துண்டுதான். அதற்கும் மைலே ஈடாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இந்திய அரசின் ஆவணங்களே இந்த எல்லைக்கோட்டைப் போட்டிருக்கின்றன என்பது அதற்கான சான்று.

மூன்றில் மூத்தது அரசின் வரி. 1979ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வெளிநாட்டுப் பயண வரியைக் கொண்டுவந்தது; அது தலைக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை. 1989இல் வந்த உள்நாட்டு விமானப் பயண வரி வேறு வகை. அது பயணக் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்பட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தொடங்கிய மைல் திட்டத்தின் வழியில், 1990களில் ஜெட் ஏர்வேஸும் அரசு விமான நிறுவனங்களும் தங்கள் திட்டங்களைத் தொடங்கியபோது இவ்விரு வரிகளும் நடப்பில் இருந்தன. 2004 ஜனவரியில் இரண்டும் நீக்கப்பட்டன. அந்த இடம் நெடுநாள் காலியாக இருக்கவில்லை. 2006இல் வெளிநாட்டுப் பயணத்தின் உயர்வகுப்புகளுக்கும், 2010இல் மற்றப் பயணங்களுக்கும் சேவை வரி வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அதன் இடத்தைப் பிடித்தது. லண்டனிலிருந்து திரும்பும் டிக்கெட்டில் பிரிட்டன் 1994இல் தொடங்கிய விமானப் பயணியர் தீர்வையும் சேரும். நிலையான தொகையாக வரும் வரிக்கு டிக்கெட்டின் விலை ஒரு பொருட்டல்ல. இருக்கை மைலில் வாங்கப்பட்டாலும் அது குறையாது.

இரண்டாவது வசூலின் கதை பெங்களூருக்கே உரியது. 2008 மே வரை காக்ஸ் டவுன்காரருக்கு விமான நிலையம் என்றால் அல்சூரைத் தாண்டிப் போகும் பழைய எச்.ஏ.எல். நிலையம். தனியார் பங்கேற்புடன் தேவனஹள்ளியில் கட்டப்பட்ட புதிய நிலையம் 2008 மே 24 முதல் இயங்கத் தொடங்கியதும், 2004இன் சலுகை ஒப்பந்தப்படி எச்.ஏ.எல்.லில் பயணிகள் சேவை நின்றது. தூரம் கூடியதோடு, பயனாளர் மேம்பாட்டுக் கட்டணமும் வந்தது: வெளிநாடு செல்வோருக்கு ரூ. 1,070, 2009 ஜனவரி முதல் உள்நாட்டுப் பயணிக்கு ரூ. 260. கட்டுமானச் செலவு கட்டணமாகப் பயணியின் டிக்கெட்டில் ஏறியது இப்படித்தான். ஆனால் இவ்வகை வசூலுக்குச் சட்டத்தின் கடிவாளமும் வந்தது. விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையத்துக்கான சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. தில்லி, மும்பை நிலையங்களின் வளர்ச்சிக் கட்டணம் பற்றிய வழக்கில், சட்டம் காட்டிய வழியில் அல்லாமல் அதை வசூலிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2019 ஜூலையில் பயணியர் சேவைக் கட்டணத்திலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்ட விமானப் பாதுகாப்புக் கட்டணமும் அரசு நிர்ணயிப்பதே. 2021 ஏப்ரலில் அது உள்நாட்டுக்கு ரூ. 200, வெளிநாட்டுக்கு 12 டாலர் ஆனது.

மூன்றாவது வசூலுக்கு இப்படிப்பட்ட சட்டப் பின்புலம் எதுவுமில்லை. 2004இல் கச்சா எண்ணெய் விலை ஏறியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் எரிபொருள் கூடுதல் கட்டணத்தைத் தொடங்கின. பிரிட்டிஷ் ஏர்வேஸ், வர்ஜின் அட்லாண்டிக் இரண்டின் நெடுந்தூர இருவழி டிக்கெட்டில் 5 பவுண்டாக இருந்த அது, 2006 தொடக்கத்தில் 60 பவுண்டைத் தொட்டது. இந்த உயர்வுகளைப் பற்றி இரு நிறுவனங்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டன என்பது 2007இல் வெளிப்பட்டது. மைல் டிக்கெட்டில் வாங்கப்படும் இக்கட்டணத்துக்கும் எரிபொருள் விலைக்கும் தொடர்பில்லை என்று மைல் திட்ட உறுப்பினர்கள் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மீது 2012இல் நியூயார்க்கில் தொடுத்த வழக்கு, 2018இல் சமரசத்தில் முடிந்தது. இந்தியாவில், சரக்குக்கான எரிபொருள் கட்டணத்தைக் கூட்டாக நிர்ணயித்ததாக ஜெட், இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் மூன்றுக்கும் போட்டி ஆணையம் 2015இல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானபின், 2018இல் குறைந்த தொகையில் மீண்டும் விதித்தது. 2023 அக்டோபரில் இண்டிகோ தூரத்துக்கேற்ப ரூ. 300 முதல் 1,000 வரை எரிபொருள் கட்டணம் சேர்த்தது. 2024 ஜனவரியில் தானே நீக்கியது. எந்த அரசாணையும் இல்லாமல் ஏற்றவும் இறக்கவும் முடிகிற ஒன்று, விலையே தவிர வரி அல்ல.

அரசின் ஆவணங்கள் இதையே வேறு சொற்களில் சொல்கின்றன. டிக்கெட்டை ரத்து செய்தால், திருப்பித் தர முடியாத சலுகைக் கட்டணமானாலும், சட்டப்படியான வரிகளையும் பயனாளர் மேம்பாட்டு, பயணியர் சேவைக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது 2016 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரக விதி. எரிபொருள் கட்டணம் அந்தப் பட்டியலில் இல்லை. விமான நிலையக் கட்டணங்களை வசூலித்துக் கைமாற்றும் அளவில் விமான நிறுவனம் வெறும் முகவர்தான், எனவே அவை அதன் சேவை மதிப்பில் சேரா என்று 2019 அக்டோபரின் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை விளக்குகிறது. கைமாற்றுவது வேறு, வைத்துக்கொள்வது வேறு என்பதே இரண்டின் சாரம். வைத்துக்கொள்ளும் பணத்தைக் கைமாற்றும் பணத்தோடு ஒரே தலைப்பில் நிறுத்தும்போது, அரசின் பெயர் விமான நிறுவனத்தின் விலைக்குத் திரையாகிவிடுகிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. எரிபொருள் விலை நிலையில்லாதது, அதை மைலில் முன்கூட்டி நிர்ணயிக்க முடியாது என்பது ஒன்று. ஆனால் ரொக்க டிக்கெட்டின் விலை நாள்தோறும் மாறுவது போலவே மைல் விலையையும் மாற்ற நிறுவனங்களால் முடிகிறது. இலவசமாகக் கிடைத்த இருக்கைக்குக் கொஞ்சம் கட்டினால் என்ன என்பது அடுத்தது. மைல் இலவசமல்ல; கிரெடிட் கார்டு வங்கிகள் அதைப் பணம் கொடுத்து வாங்கித்தான் வாடிக்கையாளருக்குத் தருகின்றன. 2014இல் எதிஹாட் நிறுவனம் ஜெட்டின் மைல் திட்டத்தில் 50.1 சதவீதப் பங்குக்கு 15 கோடி டாலர் கொடுத்தது. 2019இல் ஜெட் நின்றபோதும் அத்திட்டம் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. விமானமே இல்லாமல் நீடித்த ஒன்றை அன்பளிப்பு என்று சொல்ல முடியாது. உறுப்பினர் ஒப்புக்கொண்ட நிபந்தனைதானே என்ற மூன்றாவது வாதமே வலுவானது. எனினும் அந்த நிபந்தனைகளை ஒருதரப்பாக மாற்றும் உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது. நுகர்வோருக்குப் பாதகமான நியாயமற்ற கட்டணத்தைச் சுமத்தும் ஒப்பந்தத்தை, 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்றே வகைப்படுத்துகிறது.

ஆகவே செய்ய வேண்டியது, மைல் டிக்கெட்டில் ரொக்கத்தை ஒழிப்பதல்ல, அதைப் பிரிப்பது. அரசுக்கும் விமான நிலையத்துக்கும் போகும் பணம் பெயர் பெயராக ரொக்கத்தில் நிற்கட்டும். நிறுவனம் வைத்துக்கொள்வது முழுவதும் மைல் விலைக்குள் அடங்கட்டும். அதனால் மைல் விலை ஏறக்கூடும் என்பது உண்மை. ஏறினாலும், இரண்டு நிறுவனங்களின் விலையை ஒரே அளவுகோலால் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி பயணிக்குக் கிடைக்கும். ரத்து விதியில் இயக்குநரகம் ஏற்கெனவே போட்டிருக்கும் கோட்டை டிக்கெட் விற்பனைக்கும் நீட்டினாலே இது நடக்கும். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.