பழைய காரில் பவர் ஸ்டீயரிங் ஆயில் மாற்றுதல்

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள கார்களில், ஸ்டீயரிங்கைத் திருப்பும் கைக்குத் துணையாக அழுத்தத்தைக் கொண்டுசேர்க்கும் எண்ணெயே பவர் ஸ்டீயரிங் ஆயில். பம்பும் ரேக்கும் தேயாமல் காப்பதும், அவற்றில் ஏறும் சூட்டை வாங்கி வெளியே விடுவதும் இதன் வேலைதான். என்ஜின் ஆயில் மாற்ற நாள் குறித்து வைத்திருப்பவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். பல தயாரிப்பாளர்களின் கையேட்டிலும் அளவைப் பார்க்கச் சொல்லியிருக்குமே தவிர, மாற்றுவதற்குக் கெடு இருக்காது. பதினைந்து வயதைக் கடந்த கார்களில், ஆலையில் ஊற்றிய எண்ணெயே இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். மாற்றும் வேலை எளிது. வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். சரியான எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதும், வெளியே எடுத்த பழையதை ஒழுங்காகக் கொண்டுசேர்ப்பதும்தான் கவனம் வேண்டிய இடங்கள். திருச்சியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவில் இருக்கும் திருவானைக்காவலில் இரண்டாவது இன்னும் முக்கியமாகிறது.

வரலாறு

அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் வேலை பார்த்த பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கைக் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்த கார்களில் அது இடம்பெற மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று: 1951ஆம் ஆண்டின் கிரைஸ்லர் இம்பீரியல். இந்தியாவில் அம்பாசடரும் பத்மினியும் மாருதி 800உம் ஓடிய காலமெல்லாம் பெரும்பாலும் தோள்பலத்தில்தான் கழிந்தது. 1990களின் இறுதியில் நிலைமை மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் மறைமலை நகரில் ஃபோர்டும் கார் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, நடுத்தரக் குடும்பத்துக் காரிலும் பவர் ஸ்டீயரிங் எதிர்பார்க்கப்படும் வசதியாகிவிட்டது.

ஸ்டீயரிங் தயாரிப்புத் தொழில் திருச்சிக்காரர்களுக்குத் தூரத்துச் சமாச்சாரம் அல்ல. மதுரை நெடுஞ்சாலையில் சுமார் 30 கி.மீ. தெற்கே போனால் விராலிமலை. முருகன் கோயிலுக்கும் மயில்களுக்கும் பேர்போன அந்த ஊரையொட்டிய பூதகுடியில் லாரி, பஸ்களுக்கான ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பெட்டிகள் தயாராகின்றன. 1929இல் சென்னையில் தொடங்கிய ரானே குழுமம், அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து நடத்திவந்த ஆலை அது. 2015இல் டி.ஆர்.டபிள்யூ.வை ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்கிக்கொண்டதால், கூட்டு நிறுவனம் இப்போது இசட்.எஃப். ரானே என்ற பெயரில் இயங்குகிறது.

எந்தக் கார்களுக்குப் பொருந்தும்

எல்லாக் காரிலும் இந்த எண்ணெய் இருக்காது. 1988இல் சுசுகி தன் செர்வோ காரில் மின்மோட்டாரால் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கைக் கொண்டுவந்தது. சிறிய கார்கள் படிப்படியாக அந்தப் பக்கம் போய்விட்டன. 2005இல் இந்தியாவுக்கு வந்த ஸ்விஃப்டிலும் 2007இல் வந்த ஐ10இலும் மோட்டார்தான்; மாற்ற எண்ணெயே கிடையாது. குவாலிஸ், பழைய இன்னோவா, ஸ்கார்பியோ, பொலேரோ, இண்டிகா, ஐகான், ஆக்சென்ட் ஆகியவற்றில் ஹைட்ராலிக் முறையைக் காணலாம். சந்தேகம் இருந்தால் பானெட்டைத் திறந்து, மூடியில் ஸ்டீயரிங் படம் போட்ட சிறிய டப்பா இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் ஆய்வுக்குக் கொண்டுபோய் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். திருவானைக்காவல் வண்டிகளுக்கு அது ஸ்ரீரங்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், டி.என். 48. அந்த ஆய்வுக்கு முன் பார்த்துவைக்க வேண்டியவற்றில் ஸ்டீயரிங்கின் ஆட்டமும் ஒழுகலும் உண்டு.

எண்ணெய் கெடும் விதம்

என்ஜின் பெல்ட்டில் சுழலும் பம்பு, எண்ணெயை அழுத்தி ரேக்குக்கு அனுப்புகிறது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்து அறைக்கு வால்வு அதைத் திறந்துவிட, ரேக்கினுள் இருக்கும் பிஸ்டன் நகர்ந்து சக்கரத்தைத் தள்ளுகிறது. வேலை முடிந்த எண்ணெய் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்பும். நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது இங்கே பெரிய அழுத்தம் இல்லை. நின்ற இடத்தில் திருப்பும்போதுதான் அது 80 பார் அளவுக்கு ஏறுகிறது. கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு. ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தால் பம்பின் பாதுகாப்பு வால்வு திறந்து, எண்ணெய் உள்ளேயே சுற்றிச்சுற்றி வேகமாகச் சூடேறும்.

திருவானைக்காவலில் ஜம்புகேஸ்வரர் கோயிலின் வெளி மதிலுக்கு உள்ளேயே வீடுகள் நிறைந்த தெருக்கள் இருக்கின்றன. சித்தர் வடிவில் வந்த சிவன் கூலியாகத் திருநீறு கொடுத்துக் கட்டுவித்தார் என்று தலபுராணம் சொல்லும் மதில் அது. காரை மனதில் வைத்துப் போட்ட தெருக்கள் அல்ல அவை. எதிரே ஒரு வண்டி வந்தால் பின்னால் எடுத்து, ஒடித்து, மறுபடி முன்னால் எடுத்து, மறுபடி ஒடிக்க வேண்டும். கூடவே 40 டிகிரியைத் தாண்டும் திருச்சிக் கோடை. ஓடோமீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருப்பதை மட்டும் வைத்து இங்குள்ள காரின் ஸ்டீயரிங் ஆயில் நன்றாக இருக்கும் என்று முடிவுகட்ட முடியாது.

சூட்டில் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கருக்கிறது. அதில் கலந்துள்ள சேர்மானங்கள் தீர்ந்துபோகின்றன. தேய்மானத் துகளும் ரப்பர்ப் பொடியும் சேர்கின்றன. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். சிவப்போ பொன்னிறமோ தெளிவாக இருந்தால் கவலையில்லை. காப்பிக் கஷாய நிறமும் கருகிய வாடையும் இருந்தால் மாற்ற வேண்டியதுதான். உலோக மினுமினுப்பு தெரிந்தால் பம்பே தேய்கிறது. எண்ணெய் மட்டும் மாற்றி அதைக் காப்பாற்ற முடியாது. பால்போல் நுரைத்திருந்தால் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள்.

சத்தத்தைப் பிரித்தறிவதும் பயன்படும். ஒடிக்கும்போது எழும் கூர்மையான கீச்சொலி பெரும்பாலும் பெல்ட் வழுக்குவது. ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் முனகல், எண்ணெய் குறைந்ததாலோ காற்று புகுந்ததாலோ டப்பாவின் அடியிலுள்ள வலை அடைத்துக்கொண்டதாலோ வருவது. வலை அடைத்திருந்தால் பல கார்களில் டப்பாவையே மாற்ற வேண்டியிருக்கும்.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறுகள் கடைக் கவுன்டரிலேயே நடந்துவிடுகின்றன. “பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒண்ணு குடுங்க” என்று கேட்டால் கையில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள். இன்னோவாவுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 தரத்து ஏ.டி.எஃப்.; அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய். ஹோண்டா தன் சொந்த எண்ணெயைத் தவிர வேறு ஊற்றக் கூடாது என்கிறது. ஜெர்மன் கார்கள் பலவற்றில் பச்சை நிறச் செயற்கை எண்ணெய். நிறத்தை வைத்து மட்டும் முடிவெடுப்பது தவறு. மூடியிலும் கையேட்டிலும் அச்சிட்டிருக்கும் தரக் குறியே கணக்கு. முந்தைய மெக்கானிக் என்ன ஊற்றினார் என்று தெரியாத செகண்ட்ஹேண்ட் காரில், இருப்பதோடு சேர்த்து ஊற்றுவதைவிட முழுவதும் மாற்றிவிடுவதே நல்லது.

பிரேக் ஆயிலை மட்டும் ஒரு துளிகூடச் சேர்க்கக் கூடாது. அது கிளைக்கால் வகை. பவர் ஸ்டீயரிங்கின் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். ஒழுகலை நிறுத்தும் என்று விற்கப்படும் புட்டிகளும் பரிந்துரைக்கத்தக்கவை அல்ல. சீலை ஊதவைத்துச் சில மாதம் தள்ளிப்போடும் வித்தை அது. காரை விற்கப்போகிறவருக்கு லாபம், வாங்குகிறவருக்கு அல்ல.

மாற்றும் முறை

எளிய முறைக்கு ஜாக்கி தேவையில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் 50 மி.லி. சிரிஞ்சும் ஒரு துண்டு டியூபும் போதும். டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி உறிஞ்சி ஊற்றுவது. மொத்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு டப்பாவில் நிற்கிறது என்று கொண்டால், முதல் தடவைக்குப் பின் பழையது 67 விழுக்காடு மிஞ்சும். மூன்றாவதற்குப் பின் 30, ஐந்தாவதற்குப் பின் 13. எண்ணெய் கூடுதலாகச் செலவாகும், ஆனால் எதையும் கழற்றாததால் எதுவும் உடையாது. தெருவிலேயே கார் நிறுத்துகிறவர்களுக்கும் முதல்முறை செய்கிறவர்களுக்கும் இதுவே ஏற்றது.

முழுவதும் மாற்ற, முன்சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கி நிற்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் இறக்கி நிறுத்த வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லையென்றால் சிரிஞ்சோடு நின்றுவிட வேண்டும்.

டப்பாவைக் காலி செய்தபின், அதற்குத் திரும்பி வரும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸைக் கழற்ற வேண்டும். தடித்த, இரும்பு முனைகொண்ட பிரஷர் ஹோஸைத் தொடக் கூடாது. பழைய காரில் சிக்கல் வருவது இங்கேதான். பதினைந்து வருடச் சூட்டில் வெந்த ரப்பர் குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். நேரே இழுத்தால் கிழியும். பிளையரால் லேசாகச் சுழற்றி ஒட்டை விடுவித்துவிட்டு எடுக்க வேண்டும். புது ஹோஸும் கிளிப்பும் முன்கூட்டியே வாங்கிவைப்பது புத்திசாலித்தனம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை தேடி அலைய வேண்டாம். கழற்றிய ஹோஸின் முனையை ஒரு பாட்டிலில் விட்டு, டப்பாவின் திறந்த முனையை அடைத்துவிட்டுப் புதிய எண்ணெயை நிரப்ப வேண்டும்.

பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பி, ஒருவர் மெதுவாக இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒடித்துத் திருப்ப, இன்னொருவர் டப்பா வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிஸ்டனே பழையதைப் பாட்டிலுக்குத் தள்ளிவிடும். என்ஜினை ஓடவிட்டு வேகமாக எடுப்பவர்களும் உண்டு. சில நொடிகளில் எல்லாம் வெளியே பாய்ந்து பம்பு வறண்டு ஓடும் என்பதால் வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். பெரும்பாலான கார்களுக்கு ஒரு லிட்டர் அளவில்தான் பிடிக்கும். கழுவி வருவதற்கும் சேர்த்து இரண்டு லிட்டர் வாங்கிக்கொள்ளலாம்.

புதுநிறம் வந்ததும் ஹோஸை மாட்டி, என்ஜின் ஓடாமலேயே இன்னும் இருபது தடவையாவது கோடிக்குக் கோடி திருப்பினால் காற்று டப்பா வழியாக வெளியேறும். அதன்பின் ஸ்டார்ட் செய்து மெதுவாகத் திருப்பிப் பார்க்கலாம். எந்தக் கோடியிலும் ஐந்து நொடிக்குமேல் பிடித்து நிறுத்தக் கூடாது. நுரை தெரிந்தால் என்ஜினை அணைத்து, ஒரு மணி நேரம் விட்டு மறுபடி செய்ய வேண்டும். அளவை டப்பாவிலுள்ள குளிர், சூடு என்ற இரு கோடுகளில் உரியதோடு ஒப்பிட வேண்டும். பெல்ட்டிலும் சைலன்சர் குழாயிலும் சிந்தியதைத் துடைக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. பெல்ட் வழுக்கும், சூட்டுக் குழாயில் பட்டது தீப்பிடிக்கவும் கூடும்.

“பழைய வண்டியில் புது ஆயில் ஊற்றினால் சீல் போய்விடும்” என்றொரு பேச்சு பட்டறைகளில் உண்டு. அழுக்கு அடைத்துக்கொண்டிருந்த கீறல் திறந்துகொள்வது உண்மைதான். ஆனால் அந்தச் சீல் ஏற்கெனவே போனது. எண்ணெய் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அவ்வளவே. ரேக்கின் இருமுனையிலுள்ள ரப்பர் உறைக்குள் எண்ணெய் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்தால் முன்பே தெரிந்துவிடும்.

பழைய எண்ணெய்

திருவானைக்காவல் பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது. கருவறையில் லிங்கத்தடியில் நீர் ஊறிக்கொண்டே இருப்பதைத் தரிசிக்க வருகிறவர்கள் பார்க்கலாம். நிலத்தடி நீர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. முக்கொம்பில் பிரியும் இரண்டு ஆறுகளுக்கு இடையே படிந்த மணல்நிலம் இது. வாசலில் கொட்டியது மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். சாக்கடையில் விட்டது ஆற்றுக்குப் போகும். திருச்சி மாநகராட்சி குடிநீர் எடுப்பதும் காவிரி, கொள்ளிடம் மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்துதான். கரையானுக்கு மரத்தில் தடவுவது, செடி முளைக்காமல் இருக்க மண்ணில் ஊற்றுவது போன்ற பழக்கங்களும் இங்கே தவிர்க்க வேண்டியவையே. கோலம் போடும் வாசலில் எண்ணெய்க் கறை விழாமல் தடுக்க அட்டையும் மணலும் முன்பே விரித்துவைத்தால் வீட்டிலும் சண்டை வராது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கே போய்ச் சேர வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல், எண்ணெய் தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற திருத்தமும் நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்காகக் காத்திராமல், பழைய என்ஜின் ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து விற்கும் சர்வீஸ் சென்டரிலோ பட்டறையிலோ கொடுப்பதே இன்று கைக்கெட்டும் வழி. பெட்ரோல், கூலன்ட், பிரேக் ஆயில் எதுவும் கலக்காமல், புது எண்ணெய் வந்த கேனிலேயே ஊற்றி மூடி, மேலே பெயர் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எண்ணெய் வாங்கும்போதே, பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.