திண்ணைப் பள்ளியிலே தரமறிந்து கற்பித்த முறை

ஒரு பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லையென்றால், "இவனுக்குப் படிப்பு வராது" என்று தீர்ப்புச் சொல்லிக் கடையிலே தராசு பிடிக்க அனுப்பிவிடுவது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். குற்றம் பிள்ளையினுடையதோ, கற்பித்த முறையினுடையதோ என்று ஆராய்ந்தவர் மிகச் சிலரே. ஆதலின், நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றினை ஈண்டுச் சிறிது எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

சென்னை இராஜதானியின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, ஜில்லாதோறுமுள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு 1822-ஆம் ஆண்டில் கலெக்டர்களுக்குக் கட்டளையிட்டார். 1826-ல் தொகுத்த கணக்கின்படி கல்விச்சாலைகள் 12,498; பயின்றோர் 1,88,650 பேர். அவருள் பெண்பாலார் 4,540 பேரே. இவ்வெண்ணைக் காணுந்தோறும் நாம் நாணுகின்றோம்.

அவ்விசாரணைக்கு வந்த விடைகளுள் சிறந்தது, பல்லாரி ஜில்லா கலெக்டர் காம்பெல் துரை 1823-ல் எழுதியதாகும். பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியதும் நன்னாள் பார்த்துப் பள்ளியில் வைப்பர். முதலில் வந்த மாணாக்கன் உள்ளங்கையில் சரஸ்வதியின் நாமத்தை எழுதுவர், அடுத்தவனுக்குச் சுழி, பின்வந்தோர்க்குப் பிரம்படி, வந்த முறைப்படி ஒன்று, இரண்டு என ஏறும். விரலால் மணலில் எழுத்துப் பழகுவர். சிறியோரைச் சட்டாம்பிள்ளைகள் கவனிக்க, பெரியோரை உபாத்தியாயரே நேரிற் கற்பிப்பார். நமக்கு முக்கியமானது இதுவே: வகுப்புகள் பெரும்பாலும் நான்கு, ஒருவன் ஒன்றினின்று மற்றொன்றிற்கு ஏறுவது அவனவன் திறமையையும் தேர்ச்சியையும் பொறுத்ததேயன்றி வயதைப் பொறுத்ததன்று. பல்லாரி தமிழ் வழங்கும் நாடன்றாயினும், நம் பக்கத்துத் திண்ணைகளின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே.

காம்பெல் துரை குறையையும் மறைத்தாரில்லை. செய்யுள்களைப் பொருளறியாது ஒப்பிக்கச் செய்தனரென்று அவர் வருந்துகின்றார். அத்திண்ணைகளில் ஏறவும் இடம்பெறாத பிள்ளைகள் ஊர்தோறும் இருந்தனரென்பதை நாம் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். பிரம்பைப் பற்றிப் பெரியோர்க்குச் சொல்லவேண்டுவதில்லை!

1789-ல் எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குத் தலைமையேற்ற ஆண்ட்ரு பெல் பாதிரியார், ஒரு நாட்டுப் பள்ளியிலே சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் விடுதியிலும் அதனைப் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797-ல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்று அங்கே அது பெயர்பெற்றது. எனினும் மேனாட்டார் பெரிதும் போற்றியது அதன் செலவுச் சுருக்கத்தையே. நூற்றுக்கணக்கான சிறுவர் ஒரே மண்டபத்தில் ஒரே ஆசிரியரின்கீழ் அமரலாயினர்.

பிற்காலத்தில் வயதுக்கொரு வகுப்பு, ஆண்டுக்கொரு பரீட்சையென்னும் ஏற்பாடு நிலைபெற்றது. பின்தங்கியவன் பின்தங்கியே நின்றான். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, அட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்திற்கேற்ப முன்னேற வழிசெய்தது. 2022-ல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்தம் நிலையறிந்து பிரித்தனர்.

நமது சங்கக் கட்டடத்திலே மாலைதோறும் நடைபெறும் வகுப்பில், பிள்ளைகளைப் பள்ளி வகுப்பின்படியே உட்காரவைக்கின்றோம். ஏழாம் வகுப்புப் பையன் வகுத்தலறியாது விழிப்பதை நாமே கண்டோம். ஐந்தாம் வகுப்பினரோடு அமரச் சொன்னால் அவன் வெட்குகின்றான். வருகின்ற கூட்டத்தில் அங்கத்தினர் இதனைக் கருதி, வகுப்பின் பெயர்களை நீக்கி, கணக்குக்கொரு குழுவும் வாசிப்பிற்கொரு குழுவுமாக அமைக்க இசைவு தருமாறு வேண்டுகின்றோம்.