பரணில் கிடக்கும் மாயக் கதைகள்

போன வாரம் காலை நடைக்குப் பிறகு வழக்கம்போல நாங்கள் நாலைந்து பேர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எல்லாருமே பென்ஷன்காரர்கள். ஒரு நண்பருக்குப் போன மாதம்தான் கண்புரை ஆபரேஷன் முடிந்தது. இனிப் படிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "சார், நல்ல கதைப் புத்தகமா நாலு சொல்லுங்க. பொன்னியின் செல்வன் வேண்டாம், நாலு தடவை ஆச்சு. குடும்பச் சண்டை, ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம், அதெல்லாம் வீட்டிலேயே இருக்கு. ராஜா, மந்திரவாதி, பறக்கிற பாய் இந்த மாதிரி" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படிப்பட்ட புத்தகங்களால்தான் எனக்குத் தமிழே படிக்க வந்தது. அந்தக் கதையையும் சொல்லி, அவர் கேட்ட பட்டியலையும் தரலாம் என்று எழுதுகிறேன்.

நான் பிறந்தது காரைக்காலில், 1949-இல். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். சட்டப்படி முழுதாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். இடைப்பட்ட அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்ந்தவன் நான். என் தகப்பனார் ஒரு நொத்தேர் அலுவலகத்தில் எழுத்தர். "பிரவே முடித்தால் பிரான்சுக்கே போகலாம்" என்று என்னைப் பிரெஞ்சு வழியில் சேர்த்தார். அ, ஆ எழுதும் முன்பே ஆ, பே, சே எழுதினேன். எட்டு வயதில் பெரோவின் கதைகளை மடமடவென்று வாசிப்பேன். கடைத்தெருப் பலகையில் இருக்கும் தமிழை வாசிக்கத் தெரியாது.

எங்கள் அப்பாயிக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் அவள் டிரங்குப் பெட்டியில், சுங்கடிச் சேலைக்கு அடியில், ஏழெட்டுப் புத்தகங்கள் இருந்தன. எல்லாம் 'பெரிய எழுத்து' என்று அட்டையில் போட்டவை. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, மயில்ராவணன் கதை, அல்லி அரசாணி மாலை. அந்தக் காலத்து வீடுகளில் இருந்த இத்தகைய புத்தகங்களில் பலவற்றை அச்சிட்டது சென்னை பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ். மங்கலான காகிதம், கட்டைப் படங்கள், கொழுத்த எழுத்து. திருவிழாக் கடையில் தரையில் விரித்து விற்பார்கள்.

சாயங்காலம் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, வெற்றிலை உரலை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிடுவாள். "ஏஞ்சாமி, அந்தப் பொஸ்தகத்த எடு. எழுத்துக் கூட்டியாவது படி. நான் சேத்துக்கிறேன்."

நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுத் தடுமாறிப் படிப்பேன். பழைய அச்சு. ணை, லை, னை எல்லாம் துதிக்கை தூக்கிய யானை போல இருக்கும். வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாது. அப்பாயி இடித்தபடியே, "அது 'பாதளம்' இல்லடா, பாதாளம்" என்பாள். சோம்பலில் நான் நாலு வரி தாண்டிவிட்டால் உரல் நின்றுவிடும். "ரெண்டாவது வாசக் காவல்காரன எங்க விட்ட?" என்பாள். அப்பா மட்டும் அதைப் பார்த்தால், "இந்தக் குப்பையையா படிக்கச் சொல்றே? பையன் கெட்டுப்போவான்" என்று சத்தம் போடுவார். அவர் வெளியே போனதும் திரும்பவும் வாசிப்பு நடக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பள்ளிக்கூடத்தில் நான் மரியாதையோடு படித்த பெரோவும் இதே சரக்குத்தான். சிண்ட்ரெல்லா, தூங்கும் அழகி எல்லாம் பிரான்சில் கிழவிகளும் தாதிகளும் சொன்ன மாதிரியான கதைகள். ஷார்ல் பெரோ பிரெஞ்சு அகாதெமியின் உறுப்பினர். 1697-இல் அவற்றை நூலாக வெளியிட்டபோது, தன் பெயரைப் போடக் கூச்சப்பட்டு மகன் எழுதியதாகச் சொல்லித்தான் வெளியிட்டார். அதன் பிறகு அந்துவான் கலான், ஆயிரத்தொரு இரவுகளை 1704 முதல் 1717 வரை பிரெஞ்சில் கொண்டுவந்தார். அலாவுதீனும் அலிபாபாவும் அவர் கையில் இருந்த அரபுச் சுவடியில் இல்லவே இல்லை. 1709-இல் பாரிசுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற அலெப்போக்காரர் வாயால் சொல்லக் கேட்டவை அவை. கேட்டவர் மதித்து எழுதியதால் உலக இலக்கியம் ஆயிற்று. நம் ஊரில் அதே மாதிரிக் கதைகள் பிளாட்பாரத்தோடு நின்றுவிட்டன. குறை கதையில் இல்லை.

இனி நண்பர் கேட்ட பட்டியல்.

முதலில் மதனகாமராஜன் கதை. இளவரசன் ஒருவன் இரண்டு பெண்கள் மேல் ஆசை வைக்கிறான். மந்திரி குமாரன் அவர்களைத் தேடிப் போகிறான். நண்பனுக்காகப் போன இடத்தில் நெறி தவறாமல் இருக்க, இரவுக்கு ஒரு கதையாகப் பன்னிரண்டு கதை சொல்லி நாளைக் கடத்துகிறான். அரபுக் கதையில் உயிருக்குப் பயந்து ஒரு பெண் கதை சொல்கிறாள். நம் கதையில் நட்புக்குப் பயந்து ஓர் ஆண் சொல்கிறான். எனக்கு இது இன்னும் உயர்வாகப் படுகிறது. திருச்சிப் பக்கத்துக்காரரான பண்டித நடேச சாஸ்திரி 1886-இல் இதை ஆங்கிலத்தில் பெயர்த்து, 'திராவிட இரவுகள்' என்ற பொருள்படும் பெயரில் வெளியிட்டார். 1941-இல் சினிமாவாகவும் வந்தது. இன்று கமல் படத்தின் பெயர்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும்.

இரண்டாவது விக்கிரமாதித்தன் கதை. வேதாளத்தை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, "தெரியுமே" என்று சொல்லிவிடாதீர்கள். முழுதாகப் படியுங்கள். தொடக்கத்திலேயே ஒரு கொல்லை வருகிறது. சொந்தக்காரன் பரண்மேல் இருக்கும்போது, போகிற சேனையை எல்லாம் அழைத்து "வேண்டியதைத் தின்னுங்கள்" என்கிறான். கீழே இறங்கியதும் "ஐயோ, பயிர் போச்சே" என்று அடித்துக்கொள்கிறான். காரணம், பரணுக்குக் கீழே விக்கிரமாதித்தன் சிம்மாசனம் புதைந்திருக்கிறது. நம் பக்கத்தில் பயிர் காத்த எவனும் இதை ரசிக்காமல் இருக்க முடியாது.

குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. இந்திரன் விக்கிரமாதித்தனுக்கு, சிம்மாசனத்தில் அமர்ந்து ஆயிரம் வருஷம் ஆள வரம் தருகிறான். தம்பியும் மந்திரியுமான பட்டி, காளியிடம் இரண்டாயிரம் வருஷ ஆயுள் வாங்கி வருகிறான். அண்ணன் முன்னால் போய்விட்டால் என்ன செய்வது? பட்டி யோசிக்கிறான். வரம் சிம்மாசனத்தில் இருக்கும் காலத்துக்குத்தானே? அப்படியானால் நாடாறு மாதம், காடாறு மாதம். கணக்கு நேராகிவிட்டது. முப்பத்தாறு வருஷ சர்வீசில் எத்தனையோ அரசாணைகளுக்கு விளக்கம் கண்ட புத்திசாலி சூப்பரின்டெண்டெண்டுகளைப் பார்த்திருக்கிறேன். பட்டிக்கு நிகராக ஒருவரையும் பார்த்ததில்லை.

மூன்றாவதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பிரதாப முதலியார் சரித்திரம். தமிழின் முதல் நாவல், 1879 என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு விட்டுவிட்டோம். எழுதிய வேதநாயகம் பிள்ளை நம் மாயவரத்தில் முன்சீப்பாக இருந்தவர். பகலில் வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் விசாரித்த மனிதர், தன் நாவலில் என்ன செய்கிறார்? கதாநாயகனை ஒரு யானை தூக்கிக்கொண்டு போய் விக்கிரமபுரி என்ற நாட்டில் சேர்க்கிறது. அவனைத் தேடி ஆண் வேஷத்தில் போகும் ஞானாம்பாளுக்குப் பட்டத்து யானை மாலை போட, அவள் அந்த நாட்டுக்கு ராஜாவாகிறாள். ஒரு பெண் நியாயமாக ஆண்டால் நாடு எப்படி இருக்கும் என்று 140 வருஷத்துக்கு முன்பே ஒரு முன்சீப் கனவு கண்டிருக்கிறார். முதல் நாவல் என்ற பட்டம்தான் அந்தப் புத்தகத்தைப் படிக்க விடாமல் கெடுத்துவிட்டது.

நான்காவது அம்புலிமாமா தொடர்கதைகள். 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய பத்திரிகை. நம் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் அதில் வந்த சித்ராவின் படங்களும் சங்கரின் வேதாளப் படமும் நினைவிருக்கும். மாதா மாதம் ராட்சசப் பள்ளத்தாக்கும் பாழடைந்த கோயிலும் எரியும் தீவுமாகத் தொடர்கள் வந்தனவே, அவற்றை எழுதியவர் யார் என்று என்றாவது கேட்டோமா? தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்பிரமணியம். 1952-இல் பத்திரிகையில் சேர்ந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். ஒரு டஜன் தொடர்கள். அவை மற்ற மொழிகளுக்கும் போயின. எத்தனையோ லட்சம் பிள்ளைகள் அவர் கதையின் அடுத்த மாத இதழுக்காகக் காத்திருந்தார்கள். கதையின் கீழே அவர் பெயர் இல்லை. 2010-இல் இறந்தார். ஆயுசு முழுவதும் பெயர் போடாமல் குறிப்பு எழுதி அதிகாரியின் கையெழுத்துக்கு வைத்தவன் நான். அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. பழைய இதழ்கள் கிடைத்தால் அந்தத் தொடர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள்.

ஐந்தாவது, கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராமின் நித்யகன்னி. சரிகை வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர். 'காதுகள்' நாவலுக்காக 1993-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றார். பரிசு வாங்கியதைவிட எனக்கு இது பெரிதாகத் தோன்றுகிறது. மகாபாரதத்தில் யயாதியின் மகள் மாதவிக்கு ஒரு வரம். எத்தனை பிள்ளை பெற்றாலும் திரும்பக் கன்னியாகிவிடுவாள். குரு தட்சிணைக்காக, ஒரு காது மட்டும் கறுத்த எண்ணூறு வெள்ளைக் குதிரைகள் தேடும் காலவனிடம் அவளைத் தகப்பன் கொடுத்துவிடுகிறான். அவளை ராஜா ராஜாவாகக் கொண்டுபோய் விட்டு, குதிரைகளை வாங்குகிறார்கள். வரம் என்று சொன்னது அவளுக்கு என்னவாக முடிகிறது என்பதுதான் நாவல். மாயக் கதை குழந்தைகளுக்குத்தான் என்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

பேரப்பிள்ளைகளுக்கு என்றால் வாண்டுமாமாவை வாங்கிக் கொடுங்கள். அரிமளத்தில் பிறந்தவர். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.

என் கதையை முடித்துவிடுகிறேன். பிரவே முடித்தேன், பிரான்சுக்குப் போகவில்லை. 1971-இல் அரசு வேலையில் சேர்ந்தேன். 1965-இலேயே புதுச்சேரியில் ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. என் மேசைக்கு வந்த மனுக்கள் எல்லாம் தமிழ். திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்து விவசாயிகள் பென்சிலால் எழுதியவை. முற்றுப்புள்ளி, கால்புள்ளி எதுவும் இருக்காது. என்னோடு பிரெஞ்சில் படித்த இரண்டு பேர் அவற்றைப் பார்த்துத் திணறினார்கள். எனக்குப் பழக்கம் இருந்தது. எங்கே மூச்சு விடவேண்டும் என்று அப்பாயி காட்டிக் கொடுத்திருந்தாள். துறைத் தேர்வில் தமிழ்த்தாளை முதல் தடவையிலேயே தேறினேன்.

அவள் 1974-இல் போய்விட்டாள். அதற்கு வெகு காலம் கழித்துத்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் தாண்டிய வரியைக்கூடக் கண்டுபிடித்தவளுக்கு அந்தக் கதை முழுவதும் மனப்பாடம். பிறகு எதற்கு என்னைப் படிக்கச் சொன்னாள்? கேட்க ஆளில்லை.

அந்தப் புத்தகங்கள் என்னவாயின என்று நண்பர் கேட்டார். 1991-இல் காரைக்கால் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூருக்கு வந்தோம். பரணைக் காலி செய்தபோது பழைய பேப்பர்க்காரரிடம் மூட்டையாக எடைக்குப் போட்டேன். போட்டது நான்தான். வீடு காலி செய்யும் அவசரத்தில் மேலட்டையைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து அப்பாயியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சேலை மட்டும் இருந்தது.

இங்கே அரண்மனைக்குள் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. சரபோஜி மன்னர் சேர்த்த ஓலைச்சுவடிகளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அபூர்வம் என்று தெரிந்ததால் காப்பாற்றினார்கள். பெரிய எழுத்துப் புத்தகம் எல்லார் வீட்டிலும் இருந்தது. அதனாலேயே யாரும் எடுத்துவைக்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் இப்படிப்பட்ட புத்தகங்களையும் நோட்டீசுகளையும் ஒன்றுவிடாமல் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின், 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே அது ஆராய்ச்சி நூலகமாக நடக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று இவற்றைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தப் பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிக்கும்போது பரணில் பழைய புத்தகம் ஏதாவது தென்பட்டால், எடைக்குப் போடும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்து என்றிருந்தால் ஒரு நூலகத்தில் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள், முடிந்தால் சத்தமாக.

நண்பருக்கு மறுபதிப்பு விக்கிரமாதித்தன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நேற்று டீக்கடையில், "எழுத்து நல்லா பெரிசா இருக்கு சார், கண்ணுக்கு இதமா இருக்கு" என்றார். பட்டி வரம் வாங்கும் இடம் வரை வந்திருக்கிறாராம்.