மறதிநோய் ஆய்வில் மொழிச் சான்றுகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

முதுமை மறதிநோயின் முதல் அறிகுறி நினைவிழப்பே என்னும் எண்ணம் பரவலாக நிலவுகிறது. எனினும் அந்நோயின் மருத்துவ வரலாறு தொடக்கம் முதலே நோயாளியின் பேச்சையும் சான்றாகக் கொண்டிருந்தது. அச்சான்றுகள் எவற்றை நிறுவின, எவற்றை நிறுவவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மருத்துவக் குறிப்பேடு

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் ஆகுஸ்தே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் தாம் கேட்ட வினாக்களையும் அவர் அளித்த விடைகளையும் குறித்துவைத்தார். கணவரின் பெயரைக் கேட்டபோதும் அவர் தம் பெயரையே கூறினார். கோப்பையைக் குறிக்கப் பால் ஊற்றும் கலத்தின் பெயரை அவர் வழங்கியதை 1907இல் வெளிவந்த அல்சைமரின் அறிக்கை பதிவுசெய்துள்ளது. ஆயினும் இவை வெளிப்பட்டுவிட்ட நோயின் சான்றுகளே. நோயை முன்னறிய இவை உதவா.

எழுத்துச் சான்றுகள்

முன்னறிதல் பற்றிய வினாவை 1996இல் டேவிட் ஸ்னோடனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு கூர்மைப்படுத்தியது. அமெரிக்கக் கத்தோலிக்கத் துறவியர் இளமையில் எழுதிய தன்வரலாறுகளில் கருத்துச் செறிவு, அதாவது குறிப்பிட்ட அளவு சொற்களில் அமைந்த கருத்துகளின் எண்ணிக்கை, கணக்கிடப்பட்டது. இளமையில் அச்செறிவு குறைந்திருந்தோர் முதுமையில் அறிவாற்றல் சோதனைகளில் பின்தங்கினர். இக்குறைவு நோயின் மிக முந்திய சுவடா, நோயைத் தாங்கும் ஆற்றலின் குறைவா என்பது விவாதத்திற்குரியதாயிற்று.

2005இல் பீட்டர் கரார்டு குழுவினர், ஐரிஸ் மர்டாக்கின் 1954, 1978, 1995ஆம் ஆண்டுப் புதினங்களை ஒப்பிட்டனர். இறுதிப் புதினத்தில் சொல்வளம் சுருங்கியிருந்தது. தொடரமைப்பில் அத்தகைய தெளிவான வீழ்ச்சி காணப்படவில்லை. ஒருவரின் எழுத்தை அவருடைய முந்தைய எழுத்தோடே ஒப்பிட்டமை இவ்வாய்வின் வலிமையாகும்.

பேச்சுப் பதிவுகள்

1972இல் வெளியான பாஸ்டன் பேச்சிழப்புச் சோதனையில், சிறுவன் பிஸ்கட் திருடும் சமையலறைப் படம் ஒன்று இடம்பெற்றது. அப்படத்தை விவரிக்கச் செய்து பிட்ஸ்பர்க்கில் 1980களில் திரட்டப்பட்ட ஒலிப்பதிவுகள் பின்னர்க் கணினி ஆய்வுகளுக்கு அடிப்படையாயின. இடைநிறுத்தம், சொல் தேடல், பெயர்ச்சொல்லுக்கு ஈடாகச் சுட்டுப்பெயர் மிகுதல் முதலியன அளவிடப்பட்டன. எனினும் நோயாளிகளுக்கும் பிறருக்கும் இடையே வயது வேறுபாடு இருப்பின், கணினி நோயையன்றி முதுமையையே இனங்காணக்கூடும். ஆகவே 2020இல் அமைந்த ஆய்வுப் போட்டியொன்று, வயதும் பாலும் ஒத்த 78 நோயாளிகளையும் நோயற்ற 78 பேரையும் தேர்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட கணினி அளவுகோல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உருவானவை. தமிழில் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதால் எழுவாய் தோன்றாது நிற்பது இயல்பு. ஆகவே மூவிடப்பெயர்களின் எண்ணிக்கை இங்கு அதே பொருளைத் தராது. உருபுகளும் விகுதிகளும் சொல்லோடு ஒட்டி நிற்பதால், சொல்வடிவங்களை மட்டும் எண்ணுவது சொல்வளத்தை மிகைப்படுத்திக் காட்டும். பேச்சுவழக்கு, கல்வி, வட்டார வேறுபாடு ஆகியனவும் கருதத்தக்கன. ஆங்கில அளவுகோலை அவ்வாறே ஏற்றால் நலமுடைய முதியவர் நோயாளியாகவும், நோயாளி நலமுடையவராகவும் கணிக்கப்படக்கூடும். எனவே நலமுடைய தமிழ் முதியோரின் இயல்பான பேச்சை முதலில் தொகுத்து விளக்குவது மொழியியலாளரின் கடமையாகிறது.