பேனாவுக்குள் ஒரு பால்மரம்

ஊற்றுப்பேனாவின் வரலாற்றை ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம்: மையை எங்கே வைப்பது?

இறகுப் பேனாவும் தொட்டெழுதும் பேனாவும் மையைத் தம்முள் வைத்துக்கொள்ளவில்லை. மை மேசைமேல் இருந்தது. பழைய பள்ளி மேசைகளின் மூலையில் மைக்கூடு பொருந்துவதற்கென்றே வட்டத் துளை இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவர். சில சொற்கள் எழுதுவதற்குள் முள் வறண்டுவிடும். மீண்டும் தொட வேண்டும். அந்த மையைப் பேனாவுக்குள்ளேயே குடியேற்றும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் நடந்தது. 1884-இல் அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற அமைப்பே அம்முயற்சிக்கு நல்வழி காட்டியது. முள்ளுக்கு அடியில் உள்ள நாக்குக் கட்டையில் நுண்ணிய பள்ளங்களை வெட்டினார் அவர். மை அவற்றின் வழியே இறங்கும். இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே ஏறும். மை கொட்டாமலும் தடைபடாமலும் வருவதற்கு இந்தக் கொடுக்கல் வாங்கலே காரணம்.

ஆனால் பேனாவுக்குள் மையை நிரப்புவது எப்படி? முதலில் கண்ணாடிச் சொட்டுக்குழாய் கொண்டு சொட்டுச் சொட்டாக நிரப்பினார்கள். 1932-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ராஜமுந்திரியில், காந்தியடிகளின் சுதேசிக் கொள்கையை ஏற்று ரத்தினம் நிறுவனத்தார் செய்யத் தொடங்கிய பேனாக்களும் அவ்வகையினவே. மற்றொரு வழி, பேனாவின் உடலுக்குள் ரப்பர்ப் பை ஒன்றை வைத்து, அதை நெம்புகோலால் அமுக்கி விடுவது. 1908-இல் ஷீஃபர் காப்புரிமை பெற்றது இம்முறைக்குத்தான். சொட்டுக்குழாயால் கை கறைபடும். ரப்பர்ப் பையோ நாளடைவில் இறுகி உடையும், இடத்தையும் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது வழியே இக்கட்டுரையின் பொருள். பேனாவின் உடலையே தொட்டியாக்கி, அதற்குள் ஓர் அடைப்பானை மேலும் கீழும் நகர்த்தி மையை உறிஞ்சும் வழி அது. நாம் பிஸ்டன் பேனா என்று சொல்வது இதனைத்தான். 1920-களின் நடுப்பகுதியில் இதற்குச் செம்மையான வடிவம் தந்தவர் தியோடர் கோவாச் என்னும் ஹங்கேரியப் பொறியாளர். அவருடைய உரிமையைப் பெற்று, 1929-இல் பேனாவாக விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துப் பெலிக்கான் நிறுவனம். 1838 முதல் மையும் வண்ணமும் செய்துவந்த நிறுவனம், மைப்புட்டியிலிருந்து நேரே பருகும் பேனாவைத் தன் முதல் ஊற்றுப்பேனாவாகத் தேர்ந்ததில் வியப்பில்லை. அந்நிறுவனம் 1996-இல் நம் அண்டை நாடான மலேசியாவின் நிறுவனம் ஒன்றின் உடைமையாகி, 2023-இல் பிரான்சுக்குக் கைமாறியது என்பது பலர் அறியாத செய்தி.

கோவாச்சின் நுட்பம் என்ன? பேனாவின் பின்முனைக் குமிழைத் திருகும்போது, குமிழ் சிறிதளவே வெளியே வருகிறது. உள்ளே உள்ள அடைப்பானோ முள்ளை நோக்கி நெடுந்தொலைவு செல்கிறது. காரணம், ஒரே திருகலில் இயங்கும் இருவேறு மரைகள். ஒன்றில் வரிகள் நெருக்கமாகவும் மற்றொன்றில் அகலமாகவும் வெட்டப்பட்டுள்ளன. அடைப்பானைத் தாங்கும் தண்டு உருண்டையாக இல்லாததால் அது சுழல முடியாது. முன்னும் பின்னும் நகர மட்டுமே முடியும். விரல்களின் சுழற்சி தண்டின் ஓட்டமாக மாறுகிறது. குமிழைத் திறந்து, முள்ளை மையில் ஆழ்த்தி, மூடும் திசையில் திருகினால் மை ஏறிவிடும்.

இதனைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கழற்றிக் காட்டுவது எளிது. சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை 2017-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாளோடு மூடப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக அங்கு நான் வாங்கிய பெலிக்கான் 140 ஒன்று என்னிடம் உள்ளது. 1952 முதல் 1960-களின் நடுப்பகுதி வரை செய்யப்பட்ட எளிய பேனா அது. கேலாங்கில் நான் குடியிருக்கும் வீட்டின் உணவு மேசையில், வெள்ளைத் துணி விரித்து, அதனை ஒருமுறை முழுவதும் பிரித்தேன்.

முதலில் பேனாவைக் குளிர்ந்த நீரால் பலமுறை நிரப்பி வெளியேற்ற வேண்டும். காய்ந்த மை கரையும் முன்னர் எதையும் திருகலாகாது. பின்னர் முள்ளையும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து, கழுத்திலிருந்து திருகி எடுக்கலாம். வெந்நீர் பழம்பேனாவின் நிறத்தைக் கெடுக்கும்; வெதுவெதுப்பான நீரே போதும். குமிழோடு கூடிய பின்பகுதி இறுக்கத்தால் மட்டுமே நிற்பதால், முள் இருந்த துளை வழியே மெல்லிய மரக்குச்சியை விட்டு, பொறுமையாகத் தள்ள வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு இவ்வேலை ஆகாது.

மீண்டும் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. அடைப்பானின் விளிம்பில் சிலிக்கோன் பசையைத் துளியளவு தடவ வேண்டும். அடுத்து, தண்டு மரையில் எந்த வரியில் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வரி பிசகினாலும் ஒன்று குமிழ் முழுதாக மூடாது, அல்லது அடைப்பான் அடிவரை எட்டாது. எனவே கழற்றுகிறவர் கழற்றும்போதே சேர்ப்பதை எண்ணிக்கொள்ள வேண்டும்.

துணியில் பரப்பிய பொருள்களைப் பாருங்கள். தொடக்க காலப் பெலிக்கானில் அடைப்பான் தக்கையால் ஆனது. மத்திய தரைக்கடல் பக்கத்து ஓக் மரப்பட்டை அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தக்கை கிடைப்பது அரிதாகவே, செயற்கைப் பொருள் அதன் இடத்தைப் பிடித்தது. என் பேனாவில் இருப்பதும் அதுவே. முள் பொன்னால் ஆனது. பழைய மைகளின் அமிலம் பொன்னை அரிக்காது. எஞ்சியது கரிய நாக்குக் கட்டை. அது எபோனைட்.

எபோனைட் என்பது வேறொன்றுமில்லை, பால்மரத்துப் பால். ரப்பரில் மிகுதியான கந்தகம் சேர்த்து வேகவைத்தால் அது மரம்போல் இறுகிவிடும். மை அதன்மேல் நன்கு படர்ந்து ஓடும். அமிலமும் அதனைத் தீண்டாது.

கேலாங் செராயின் பெயரிலுள்ள செராய், அங்கு ஒருகாலத்தில் விளைந்த எலுமிச்சைப் புல்லின் மலாய்ப் பெயர். பயிர் மறைந்த பின்னும் ஊர்ப்பெயர் அதை நினைவில் வைத்திருக்கிறது. இந்தக் கரிய கட்டையும் அவ்வாறே ஒரு பயிரை நினைவில் வைத்திருக்கிறது. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888-இல் இங்குப் பூமலைக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடில்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். கன்றுகளை நடுமாறு தோட்டக்காரர்களை ஓயாமல் வற்புறுத்தியதால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றே அழைத்தார்கள். கோவாச் தம் பேனாவை உருவாக்கிய காலத்தில், உலகச் சந்தைக்கு ரப்பர் அனுப்புவதில் மலாயாவே முதலிடத்தில் இருந்தது. அந்த மரங்களை வெட்டியவர்களில் பலர் கங்காணிகளால் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். 1938-இல் இந்திய அரசு அவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை கப்பல்கள் வந்துகொண்டேயிருந்தன. இருள் பிரியும் முன் உளியோடு புறப்பட்டு, மங்குகளில் பால் எடுத்த அம்மக்களில் பலருக்குப் பேனா பிடிக்கும் வாய்ப்பே கிட்டவில்லை. உலகம் எழுதிய பேனாக்களுக்குள் அவர்கள் உழைப்பு இருந்தது. அவர்களைப் பற்றி எழுதிய பேனாக்கள் மிகச் சிலவே.

வகுப்பில் இப்பேனாவைப் பிரித்துக் காட்டியபோது ஒரு மாணவன், “ஏன் ஆசிரியர் இவ்வளவு சிரமம்? வீசிவிட்டுப் புதிதாக வாங்கலாமே?” என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. 1945-இல் நியூயார்க்கில் பந்துமுனைப் பேனா விற்பனைக்கு வந்ததும், 1950-இல் பிரான்சில் மலிவான பிக் பேனா வந்ததும் பிறந்த உலகம் அவனுடையது. அதன் நன்மையும் பெரிது. ஏழைப் பிள்ளையின் கைக்கும் பேனா வந்தது. ஆனால் திறக்க இயலாத பொருள் தன் வரலாற்றைச் சொல்வதில்லை.

நாக்குக் கட்டை கை மாறி மாறிச் சென்றது. அது எதனால் ஆனது என்று நான் கூறியதும், தன் கொள்ளுப்பாட்டி ஜொகூரில் பால்மரம் வெட்டியவர் என்று ஒரு மாணவி சொன்னாள். அதற்கு முன் அவள் அதை வகுப்பில் சொன்னதில்லை. அக்கட்டையை அவள் மற்றவர்களைவிடச் சற்று நேரம் கூடுதலாக வைத்திருந்தாள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. பழம்பேனா கிடைக்காவிட்டாலும் குறையில்லை. தைவானின் ட்விஸ்பி நிறுவனம் செய்யும் டைமண்ட் வகைப் பிஸ்டன் பேனாக்கள், கழற்றுவதற்கான சிறு திருகியுடனும் சிலிக்கோன் பசையுடனுமே வருகின்றன. உடல் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால், அடைப்பான் நகர்வதையும் மை ஏறுவதையும் பிள்ளைகள் கண்ணால் காணலாம். ஒரு பாடவேளை போதும். பிரிப்பதை நீங்கள் செய்யுங்கள். சேர்ப்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.