லிட்டருக்கு 15 கிராம்

லண்டன் வீட்டுச் சன்னலடியில் நிற்கும் இரும்பு ரேடியேட்டருக்கும், திருவண்ணாமலை மொட்டைமாடியில் தெற்கு பார்த்துச் சாய்ந்திருக்கும் சோலார் ஹீட்டரின் கறுப்புப் பலகைக்கும் உடலமைப்பு ஒன்றுதான். மேலே குறுக்காக ஒரு தலைக்குழாய், கீழே ஒரு தலைக்குழாய், இரண்டுக்கும் நடுவே வரிசையாக மெல்லிய குழாய்கள், உள்ளே தண்ணீர். அங்கே அந்தத் தண்ணீர் அறைக்குச் சூட்டைக் கொடுக்கிறது. இங்கே வெயிலிடமிருந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது.

இரண்டையும் பிறப்பித்தது ஒரு சிறிய எடை வித்தியாசம். 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் 998 கிராம் இருக்கும். 60 டிகிரியில் அதே ஒரு லிட்டர் 983 கிராம்தான். சூடேறிய நீர் லிட்டருக்கு 15 கிராம் இலேசாகிவிடுவதால் மேலே ஏறுகிறது. கனத்த குளிர்நீர் அதன் இடத்துக்கு இறங்கி வருகிறது. வழி மட்டும் ஒழுங்காக இருந்தால் மோட்டாரும் மின்சாரமும் இல்லாமலே தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த 15 கிராமை முதலில் வேலைக்கு வைத்தவர்கள் செடி வளர்த்தவர்கள். 1716இல் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் மார்ட்டின் ட்ரைவால்ட், இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு கண்ணாடிச் செடிக்கூடத்தை வெந்நீர்க் குழாய்களால் சூடாக்கினார். மனிதர்களின் அறைக்குள் அந்தச் சூடு ஒழுங்கான உருவத்தோடு நுழைய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இரும்புத் தொழில் நடத்திய ஃபிரான்ஸ் சான் கல்லி 1855ஐ ஒட்டி வார்ப்பிரும்பில் ஒரு வெப்பப் பெட்டியை உருவாக்கினார். நாம் அறிந்த ரேடியேட்டரின் தொடக்கம் அதுதான் என்று சொல்வார்கள். அதற்கு 150 ஆண்டு ஆனதைக் கொண்டாட 2005இல் ரஷ்யாவின் சமாரா நகரில் ஒரு நினைவுச் சின்னமே வைத்தார்கள்: சன்னல் மேடையில் ஒரு பூனை, அதன் கீழே ஒரு ரேடியேட்டர். குளிர்நாட்டார் அந்த இரும்பை எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அமெரிக்கா அதை ஆலைச் சரக்காக்கியது. 1870களில் நெல்சன் பண்டியின் வார்ப்பிரும்பு வளையங்கள் பரவின. 1892இல் பல ஆலைகள் ஒன்றாகி அமெரிக்கன் ரேடியேட்டர் கம்பெனி பிறந்தது. பூவேலையும் கொடிவேலையும் வார்த்த ரேடியேட்டர்கள் கப்பலேறின. அதே காலத்தில்தான் லண்டனின் கிழக்கில், ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களில், தெருத் தெருவாக ஒட்டுவீடுகள் எழுந்தன. முன்னறைச் சுவரைவிட்டு வெளியே பிதுங்கி மூன்று முகம் காட்டும் பே விண்டோ அந்த வீடுகளின் அழகு. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சன்னல்களுக்குப் பின்னால்தான் தம் முதல் பனிக்காலத்தைக் கழித்தன.

பே விண்டோ வெளிச்சத்தை அள்ளிக் கொடுக்கும், குளிரையும் சேர்த்தே கொடுக்கும். மார்கழி நடுப்பகலில் லண்டன் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் ஏறும். கண்ணாடியைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, தரையோடு தரையாக அறைக்குள் வழிந்து காலைக் கவ்வும். அந்தக் காற்றைச் சன்னலடியிலேயே வழிமறித்துச் சூடாக்கி மேலே திருப்பி அனுப்பத்தான் ரேடியேட்டரை அங்கே வைத்தார்கள். ஆக அங்கே இரண்டு ஓட்டங்கள் நடக்கின்றன. இரும்புக்குள்ளே தண்ணீர் சுற்றுகிறது, வெளியே காற்று சுற்றுகிறது.

மூன்று முகச் சன்னலில் ரேடியேட்டர் பொருத்துவது கைத்திறன் கேட்கும் வேலை. முகங்கள் சந்திக்கும் கோணம் பெரும்பாலும் 135 டிகிரி என்பார்கள். ஆனால் நூறு வயதுச் சுவர் அப்படிக் கணக்காக நிற்பதில்லை. அட்டையை வெட்டி வைத்து மூலையின் அளவை எடுத்த பிறகுதான் நல்ல பிளம்பர் சாமானே வாங்குவார். சன்னலின் மடிப்புக்கேற்ப வளைத்துச் செய்த ஒற்றை ரேடியேட்டர் என்றால், ஒரு முனையில் வெந்நீர் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். ஒரே உடல் என்பதால் இரண்டு வால்வு போதும். முகத்துக்கு ஒன்றாக மூன்று சிறியவை என்றால், ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கோக்கக் கூடாது. முதலாவது சூட்டைத் தின்றுவிட்டு மூன்றாவதுக்கு வெதுவெதுப்பையே அனுப்பும். வரும் குழாயிலிருந்தும் திரும்பும் குழாயிலிருந்தும் மூன்றுக்கும் தனித்தனிக் கிளை எடுக்க வேண்டும். தரைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அரைச் சாண் அளவாவது காற்று நுழைய இடம் வேண்டும். திரைச்சீலை சன்னல் மேடையோடு நிற்க வேண்டும். தரைவரை தொங்கினால் சூடு திரைக்குப் பின்னாலேயே சிறைப்படும், தானியங்கி வால்வும் அறை சூடாகிவிட்டதென்று ஏமாந்து மூடிக்கொள்ளும்.

1950களில் பிரிட்டனின் வீடுகளுக்குப் பம்பு வந்தது. அதுவரை 15 கிராமை நம்பி, கைப்பருமனில் குழாய்களை வாட்டம் பார்த்துப் போட்டவர்கள், மெல்லிய செப்புக் குழாயில் தண்ணீரைத் தள்ளத் தொடங்கினார்கள். மேலே கீழே, வளைத்து நெளித்து, எப்படிப் போட்டாலும் பம்பு தள்ளிவிடும். 1967 முதல் 1977 வரை பிரிட்டனில் எரிவாயு இணைப்புள்ள வீடுகளெல்லாம் வடகடல் எரிவாயுவுக்கு மாறியபோது இந்த அமைப்பு சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. குழாய்க்காரரின் பிழைகளைப் பம்பு மன்னித்தது. கூடவே பழைய கவனமும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது.

அந்தப் பழைய கவனம் இன்றும் தேவைப்படும் இடம் நம் மொட்டைமாடி. அங்கே வந்து சேர்ந்த கிளையின் கதை வேறு. 1767இல் ஜெனீவாவின் ஹொரேஸ் டி சொஸ்யூர் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயிலைப் பிடித்து அளந்தார். 1891இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப், கறுப்புத் தொட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்றார். ஆனால் இரவில் அந்தத் தண்ணீர் ஆறிவிடும். 1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி, வெயில் வாங்கும் பலகையையும் தண்ணீர்த் தொட்டியையும் பிரித்தார். பலகை கீழே, சூடு போகாதபடி போர்த்திய தொட்டி மேலே. பகலெல்லாம் சூடேறிய நீர் தானாகத் தொட்டிக்கு ஏறியது. விடியும்வரை அந்தச் சூடு நின்றது. இன்றும் நம் ஊரில் நிற்பது பெய்லி வகுத்த அமைப்புதான். இந்தியாவில் மரபுசாரா எரிசக்திக்கென்று தனி அமைச்சகம் 1992இல் வந்தது. தட்டைப் பலகைக்கு ஐ.எஸ். 12933 என்ற தர எண் உண்டு. 2010இல் தொடங்கிய தேசிய சூரிய இயக்கம், 2022க்குள் 2 கோடி சதுர மீட்டர் பலகைகளை இலக்காக வைத்தது.

திருவண்ணாமலைக்கு அறையைச் சூடாக்கும் தேவை பெரிதாக இருந்ததில்லை. ரமணாசிரமத்தின் பழைய கூடத்தில் பகவான் ரமணரின் சோபா அருகே கரிக் குமுட்டி இருந்ததை அங்கே சென்று வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மழையும் பனியும் சேர்ந்த நாட்களுக்கு அது போதுமானது. வெந்நீர்தான் இந்த ஊரின் தேவை. மார்கழியில் விடியுமுன் குளித்துக் கோயிலுக்குப் புறப்படுபவர்களும், 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவந்து காலை நனைப்பவர்களும், வீட்டு முதியவர்களும் அதை எதிர்பார்த்திருப்பார்கள். முன்பு அந்தத் தேவையைத் தீர்த்தது செம்பு பாய்லர். நடுவே கரி எரியும் குழல், சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடிக்கு இறங்கும், மேலே ஏறி நின்ற வெந்நீர் ஒரு சொம்பு வெளியே வழியும். ட்ரைவால்டையும் பெய்லியையும் கேள்விப்படாத நம் பாட்டிகள் அந்த 15 கிராமின் போக்கை நன்றாக அறிந்திருந்தார்கள்.

வெயிலுக்கு இங்கே குறைவில்லை. லண்டனில் 15 டிகிரியோடு நிற்கும் அதே மார்கழிச் சூரியன் நம் ஊரில் உச்சியில் 54 டிகிரி உயரத்தில் நிற்கும். பலகையைத் தெற்கு பார்த்து, 25 டிகிரி அளவில் சாய்த்து வைத்தால் பனிக்கால வெயில் முழுதும் கிடைக்கும். மலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிழக்கு அடிவாரத்து வீடுகளுக்கு மாலை வெயில் சீக்கிரம் மறையும், மேற்கே இருப்பவர்களுக்குக் காலை வெயில் தாமதமாக வரும். ஆனால் உச்சிவெயில் எல்லோருக்கும் உண்டு. 100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் பலகை போதும். 25 டிகிரித் தண்ணீர் 100 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற கீசருக்கு 4 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதை வெயில் சும்மா தருகிறது.

இவ்வளவு இருந்தும், சோலார் போட்டும் சூடு வரவில்லை என்ற புலம்பலைப் பல வீடுகளில் கேட்கலாம். பெரும்பாலும் குற்றம் வெயிலிலும் இல்லை, பலகையிலும் இல்லை. வெந்நீர்த் தொட்டியின் அடி, பலகையின் தலையைவிட ஓர் அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் இரவில் ஓட்டம் திரும்பி, சேர்த்த சூட்டை வானத்துக்கே கொடுத்துவிடும். பலகையிலிருந்து ஏறும் குழாய் வழிமுழுதும் ஏறுவாட்டத்தில் போக வேண்டும். நடுவே ஓரிடத்தில் மேடாகிப் பிறகு தாழ்ந்தால் அந்த மேட்டில் காற்றுப் பிடிக்கும். லிட்டருக்கு 15 கிராம் தள்ளும் தள்ளு, ஒரு கைப்பிடிக் காற்றைக்கூட நகர்த்தாது. ரேடியேட்டரில் காற்றுப் பிடித்தால் சிறு சாவியால் திறந்துவிடுவார்கள். நம் அமைப்பில் காற்றுக் குழாய் ஒன்று வானம் பார்த்துத் திறந்தே இருக்க வேண்டும், அதை அடைக்கவே கூடாது.

அடுத்த எதிரி உப்புத் தண்ணீர். இங்குள்ள பாறை நிலத்து போர் தண்ணீர் சூடேறும்போது சுண்ணம் படியும். அரை அங்குலக் குழாயின் உள்வட்டம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். போர் தண்ணீர்தான் என்றால், பலகைக்குள் ஒரே தண்ணீர் சுற்றி, தொட்டிக்குள் சூட்டை மட்டும் கைமாற்றும் வகையை வாங்குவது நல்லது. கடைசியாக, தொட்டியிலிருந்து குளியலறை வரையுள்ள தூரம். இரண்டு மாடி இறங்கும் வெறும் குழாயில் நிற்கும் நீர் இரவெல்லாம் ஆறிக் கிடக்கும். காலையில் அது பச்சைத் தண்ணீராகச் சாக்கடைக்குப் போகும். வெயிலோடு சேர்த்துக் குடிநீரும் வீணாகிறது.

ரேடியேட்டருக்கு எந்தச் சன்னலடி, எந்தப் பக்கம் வால்வு என்று குளிர்நாட்டார் சுவர் பூசுமுன் யோசிக்கிறார்கள். நம்மிடம் வீட்டுப் படம் போடும்போது பூஜையறைக்கும் தலைவாசலுக்கும் காட்டும் அக்கறையில் கொஞ்சம் வெந்நீர்க் குழாய்க்கும் வேண்டும். குளியலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நேர் மேலே பலகைக்கும் தொட்டிக்கும் இடம் குறித்து, சூடு போகாத உறையோடு குழாயை இறக்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும் நாளில் மாடிக்கு ஏறி, ரசமட்டத்தை வைத்து வாட்டத்தை நீங்களே பாருங்கள். நல்ல பிளம்பர் அதற்குக் கோபப்பட மாட்டார். மூன்று நூற்றாண்டாகப் பலருடைய அறிவு சேர்ந்து வந்த ஒரு பொருள் நம் மாடிக்கு வந்திருக்கிறது. அதற்குச் சரியான வழி போட்டுக் கொடுப்பது நம் பொறுப்பு. மீதி வேலையைத் தண்ணீர் தானே செய்துகொள்ளும்.